கிழிந்த ஏட்டில் பிலாத்து

அன்புள்ள சாமுவேலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. இதைக்கூட மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேள். இங்கே பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். குளிர்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

போன சனிக்கிழமை மகள் என்னை மான்செஸ்டரில் ரைலண்ட்ஸ் நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். ஜான் ரைலண்ட்ஸ் என்ற துணி ஆலை முதலாளியின் நினைவாக அவர் மனைவி என்ரிக்வெட்டா கட்டிய நூலகம், 1900இல் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய மாதா கோயில் மாதிரி இருக்கிறது. உள்ளே ஒரு கண்ணாடிப் பேழையில், பைபிளில் வரும் யோவான் சுவிசேஷத்தின் ஒரு துண்டு இருக்கிறது. கிரேக்க எழுத்து, பப்பைரஸ் தாள். உயரம் 9 செ.மீ., அகலம் 6 செ.மீ. இருக்கும், என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆய்வாளர்கள் பி52 என்கிறார்கள். அதன் முன்னால் நின்றதும் உன் நினைவுதான் வந்தது.

பப்பைரஸ் நம் கோரைக்கு நெருங்கிய உறவு, தெரியுமா? நைல் ஆற்றோரம் ஆளுயரத்துக்கு மேல் வளரும். தண்டின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் சோற்றை மெல்லிய பட்டையாகச் சீவி, வரிசையாக அடுக்கி, மேலே குறுக்காக இன்னொரு அடுக்கு வைத்து அழுத்திக் காயவைப்பார்களாம். உற்றுப் பார்த்தால் அந்த நார் தெரிகிறது. பத்தமடைப் பாயில் வளர்ந்தவனுக்கு அது அந்நியமாகவே படவில்லை.

இதை 1920இல் பெர்னார்ட் கிரென்ஃபெல் என்ற பப்பைரஸ் ஆய்வாளர் எகிப்தில் மற்ற பப்பைரஸ் துண்டுகளோடு விலைக்கு வாங்கியிருக்கிறார். அப்புறம் பதினான்கு ஆண்டு சும்மா கிடந்திருக்கிறது. இருபது சொச்சம் வயதே ஆன காலின் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர்தான் கட்டுகளைப் பிரித்துப் பார்க்கும்போது, இது யோவான் 18ஆம் அதிகாரம் என்று கண்டுபிடித்து 1935இல் வெளியிட்டார். முன்பக்கம் 31 முதல் 33 வரை, பின்பக்கம் 37, 38ஆம் வசனங்கள். இரண்டு பக்கமும் ஒரே கையெழுத்து. அப்படியானால் இது சுருள் இல்லை, தைத்த புத்தகத்தின் ஏடு. வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்குப் போட்டு, முழுச் சுவிசேஷமும் இந்த அளவில் எழுதினால் சுமார் 130 பக்கம் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கையெழுத்தின் சாயலை வைத்து, இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதி என்றார் ராபர்ட்ஸ். யோவான் எழுதப்பட்டதே கி.பி. 160ஐ ஒட்டித்தான் என்று அதுவரை சிலர் வாதாடிக்கொண்டிருந்ததால் அது பெரிய செய்தி ஆகிவிட்டது. ஆனால் கையெழுத்துப் பாணி மெதுவாகத்தான் மாறும், அதை வைத்து இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூடப் போகலாம் என்று 2005இல் பிரென்ட் நோங்பிரி என்ற ஆய்வாளர் எழுதினார். மண்ணில் தோண்டி எடுத்ததாக இருந்தால் கூடக் கிடந்த பொருள்களாவது சாட்சி சொல்லும். விலைக்கு வாங்கியதற்கு அதுவும் இல்லை. எனக்கு அவர் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. நூறு வருஷம் முந்தியா பிந்தியா என்பதில் இதன் மதிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என்னை அசைத்தது வேறு. எழுதியவர் 'எங்களுக்கு' என்ற சொல்லில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார். 'பிரவேசித்தான்' என்ற சொல்லில் ஒன்றை விட்டிருக்கிறார். காதில் ஒரே மாதிரி விழும் எழுத்துகளாம். நாம் ன, ண குழப்பி உன் அப்பாவிடம் குட்டு வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் அந்த நிமிஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது மாதிரி இருந்தது.

பின்பக்கத்தில் 'சத்தியம்' என்ற சொல்லின் எழுத்துகள் ஒரு வரியில் பெரும்பாலும் மிஞ்சியிருக்கின்றன. அடுத்த வரியில் 'அவரிடம் சொல்கிறான்' என்பது இருக்கிறது. அதோடு அந்த வரி முடிகிறது. 'சத்தியமாவது என்ன' என்று, இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்து கேட்கும் இடம் அதற்கடுத்த வரியின் தொடக்கத்தோடு கிழிந்துபோய்விட்டது. அந்த வரியில் மிஞ்சியிருப்பதில் 'இதை' என்பது தெரிகிறது.

உங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று அப்பா இந்த அதிகாரத்தை வாசிப்பார்களே, நானும் உன்னோடு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கேள்வி வந்ததும் ஒரு நொடி நிறுத்துவார்கள். மூச்சு வாங்குகிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபோது அந்த மௌனம்தான் காதில் கேட்டது. மகள் என்னப்பா ஆச்சு என்றாள், சொல்ல வரவில்லை.

அப்பாவுடைய அந்தப் பைபிள் உன்னிடம்தானே இருக்கிறது? கண் சரியானதும் யோவான் 18ஆம் அதிகாரத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் போட்டோ பிடித்து அனுப்பு. ஓரத்தில் பென்சிலால் என்னவோ எழுதி வைத்திருந்தார்கள். என்னவென்று நாம் ஒருநாளும் கேட்கவில்லை.

அன்புடன்,
முருகேசன்