கோழி இறகும் கழுகு இறகும்

ரொறொன்ரோவில் தமிழ்க் கலை விழாக்களை ஒழுங்கு செய்யும் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன வருடம் ஸ்காபரோவில் நடந்த ஒரு விழாவில் என் மகளும் மேடையேறினாள். கனடாவின் பூர்வகுடி மக்களுக்கு மரியாதை செய்யும் நடனம் என்று அறிவித்தார்கள். எட்டுப் பிள்ளைகள், தலையில் சாயம் போட்ட கோழி இறகு, கன்னத்தில் சிவப்புக் கோடு. இறகு ஒட்டியது நான்தான். குளூ கன்னில் விரலைச் சுட்டுக்கொண்டு இரவு பதினொரு மணிவரை ஒட்டினேன். ஆகவே குறையில் எனக்கும் பங்கு உண்டு.

பிறகுதான் வாசித்தேன். அந்த இறகுத் தலையணி சமவெளிப் பகுதி மக்களுடையது. ஒவ்வொரு கழுகு இறகும் ஒரு செயலுக்காக ஒருவருக்குக் கிடைப்பது. நாங்கள் குடியிருக்கும் இந்த ஏரிக்கரை மிசிசாகா, வென்டாட், ஹோடெனோஷோனி மக்களின் நிலம். இன்னொன்று: மேற்குக் கரைப் பூர்வகுடி மக்கள் விருந்தும் நடனமும் கொடையுமாக நடத்தும் பொட்லாச் விழா 1885 முதல் 1951 வரை சட்டப்படி குற்றம். 1921இல் நடந்த ஒரு பொட்லாச்சுக்காக ஆட்களைச் சிறையில் போட்டு, முகமூடிகளையும் பறித்துக்கொண்டு போனார்கள். ஆடியதற்காக மறியலுக்குப் போனவர்களுக்கு, நாங்கள் கோழி இறகு கட்டி ஆடி மரியாதை செய்திருக்கிறோம்.

இப்படிப்பட்டதை இங்கே நல்லிணக்கம் என்கிறோம். அந்தச் சொல் எங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். ஊரில் அதைச் சொன்னவர்கள் யார், எப்படிச் சொன்னார்கள் என்று தெரியும். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி வெளியாட்கள் தங்கள் கற்பனைக்கு ஒரு நடனம் ஆடி, அதுதான் நல்லிணக்கம் என்றால் முதல் வரிசையில் இருந்து கைதட்டியிருப்போமா?

கலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கேரி நியூமன் என்ற குவாக்வாக்கவாக்கு (மேற்குக் கரைப் பூர்வகுடி) சிற்பியின் 'சாட்சிப் போர்வை'யைப் பாருங்கள். அவருடைய தகப்பன், பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழியையும் பண்பாட்டையும் அழிப்பதற்காக நடத்தப்பட்ட வதிவிடப் பாடசாலையில் படித்தவர். பெற்றோரிடமிருந்து பிரித்து அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஏறக்குறைய 150,000 பேர். நாடெங்கும் போய்ச் சேர்த்த 800க்கு மேற்பட்ட பொருட்களை அவர் தேவதாரு மரச் சட்டங்களில் பதித்து, 12 மீற்றர் நீளத்துக்கு ஒரு போர்வையாக நிறுத்தியிருக்கிறார். ஒரு சின்னச் சப்பாத்து இருக்கிறது. அவருடைய சகோதரிகள் வெட்டிக் கொடுத்த பின்னல் இருக்கிறது. அந்தப் பாடசாலைகளுக்குள் நுழைந்த பிள்ளைகளுக்கு முதலில் வெட்டப்பட்டது தலைமயிர் அல்லவா? 2019இல் கனடிய மனித உரிமை அருங்காட்சியகத்தோடு செய்த உடன்படிக்கைப்படி அந்தப் போர்வைக்கு உடைமையாளர் இல்லை; இரு தரப்பும் அதைப் பார்த்துக்கொள்பவர்கள் மட்டுமே. உடன்படிக்கை தாளில் எழுதியதோடு நிற்கவில்லை, சடங்கு நடத்தி வாயாலும் சொல்லப்பட்டது.

அந்தப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் விடுத்த 94 கோரிக்கைகளில் 83ஆவது, பூர்வகுடிக் கலைஞர்களும் மற்றவர்களும் சேர்ந்து படைக்க வழி செய்யச் சொல்கிறது. கனடாக் கலை மன்றத்துக்குச் சொன்னதுதான், சரி. ஆனால் 'சேர்ந்து' என்பது எங்களுக்கும் பொருந்தும்.

சென்னையிலிருந்து பாடகர் வருவதென்றால் விமானச் சீட்டு, ஹோட்டல், முற்பணம் எல்லாம் யோசிக்காமல் கொடுக்கிறோம். பூர்வகுடிக் கலைஞர் என்றால் ஐந்து நிமிடம் வந்து வாழ்த்தினால் போதும், கடைசியில் டொலர் கடையில் வாங்கிய கனவுப்பொறி (ட்ரீம்கச்சர் என்ற, இறகு தொங்கும் வலை வளையம்) ஒன்று நினைவுப் பரிசு! இது யாருடைய நிலம் என்று சொல்லும் நில அறிக்கையை அறிவிப்பாளர் ஒரே மூச்சில் வாசித்து முடிக்கிறார். அனுசரணையாளர்களின் பெயர்களுக்குப் பத்து நிமிடம் போகிறது.

உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளான அடுத்த செப்டெம்பர் 30க்கு இப்போதே ஒரு கலைஞரைத் தேடிப் போவோம். பாடகருக்குக் கொடுக்கும் அதே கணக்கில் கூலி பேசுவோம். என்ன செய்வது, எங்கள் பிள்ளைகள் அதில் இருக்கலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் அந்த நேரத்தை வெறுமனே விடுவோம். அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன், மின்னஞ்சல் எழுதும் வேலையை எனக்குத் தாருங்கள்.

இறகுப் பெட்டி இன்னும் என் பேஸ்மென்டில் இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் போன் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்