சந்தேகம் வந்தா சப்ஜங்டிவ்வா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல ஸ்பானிஷ் கத்துக்கிறது பத்தி வந்த கட்டுரைல "உண்மைன்னா இண்டிகேட்டிவ், சந்தேகம்னா சப்ஜங்டிவ்"னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. (ஸ்பானிஷ்ல ஒரே வினைச்சொல் இடத்துக்கு ஏத்த மாதிரி எடுக்கிற ரெண்டு வடிவங்களோட பேருதான் இது ரெண்டும்.) இதையே ரெண்டு வருஷம் நம்பி டெஸ்ட்ல மார்க்கை கோட்டை விட்டவ நான், அதான் எழுதுறேன்.

'மே அலெக்ரோ தே கே எஸ்தேஸ் அகீ', நீ இங்க இருக்கிறது எனக்கு சந்தோஷம்னு அர்த்தம். ஆள் கண்ணு முன்னாடி நிக்குது, இதுல என்ன சந்தேகம்? ஆனாலும் இண்டிகேட்டிவ்வான எஸ்தாஸ் இல்ல, எஸ்தேஸ்தான், சப்ஜங்டிவ். இன்னொரு பக்கம் 'க்ரெயோ கே பியேனே', வர்றான்னு நினைக்கிறேன், பாதி டவுட்லதான் சொல்றோம், ஆனா இண்டிகேட்டிவ்! (இத்தாலியன்ல இதே 'நினைக்கிறேன்'க்கு சப்ஜங்டிவ் போடணும்னு படிக்கிறாங்க, ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறவங்க பாவம்.) ஸ்பானிஷ்ல முன்னாடி ஒரு 'நோ' போட்டு 'நோ க்ரெயோ', நினைக்கலன்னு ஆனாதான் பியேனேவோட சப்ஜங்டிவ்வான பெங்கா வரும்.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் நாம ஒரு விஷயத்தை இப்படித்தான்னு அடிச்சுச் சொல்றோமா இல்லையாங்கிறதுதான் விஷயம். நீ இங்க இருக்கிறது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதுதானே, அதை நான் புதுசா தகவல் சொல்லல, என் சந்தோஷத்தைத்தான் சொல்றேன், அதனால சப்ஜங்டிவ். இண்டிகேட்டிவ்ல 'ஆவுங்கே யுவேபே'ன்னா மழை பெய்யுது, இருந்தாலும் போறேன். சப்ஜங்டிவ்ல 'ஆவுங்கே யுவேபா'ன்னா பெய்தாலும் போவேன், வெளிய பெய்யுதான்னே தெரியாம இருக்கலாம், இல்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டிருக்கும்போதே "பெஞ்சா பெஞ்சிட்டுப் போகட்டும்"னு சொல்றதாவும் இருக்கலாம்.

சந்தேகத்துக்கு சம்பந்தமே இல்லாததும் உண்டு. 'தீலே கே பியேனே'ன்னா அவன் வர்றான்னு அவகிட்ட சொல்லு, 'தீலே கே பெங்கா'ன்னா அவளை வரச்சொல்லு. முன்னது தகவல், பின்னது ஆர்டர். நம்ம தமிழ்லயே 'வர்றான்னு சொல்லு', 'வரச்சொல்லு'ன்னு தனித்தனியா இருக்கு, கட்டுரைல இந்த ஒரு உதாரணம் கொடுத்திருந்தாலே பாதிப்பேருக்குப் புரிஞ்சிருக்கும்.

கடைசியா கட்டுரையாளர்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஸ்பானிஷ்ல 'எச்சோ'ன்னா நடந்த விஷயம், உண்மை. அந்த 'எல் எச்சோ தே கே'க்கு ('இப்படிங்கிற உண்மை'ன்னு அர்த்தம்) பின்னாடியே பெரும்பாலும் சப்ஜங்டிவ்தான் வருது. அவர் ரூல்படி இதுக்கு என்ன சொல்வாருன்னு அடுத்த ஞாயிறு போடுங்க சார்.

இப்படிக்கு,
ஸ்பானிஷ் இன்னும் படிச்சிட்டே இருக்கிற வாசகி