டிவி கேம் மேசைக்கு வருகிறது: நம் சனிக்கிழமை ஆட்டங்கள் பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் நம் கடை மாடியில் நடக்கும் கதை ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பீர்கள்: "சின்ன வயசுல விளையாடின டிவி கேமை இப்படி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆட முடியுமா?" முடியும் என்று சொல்லி ஆரம்பித்தோம். இரண்டு வாரம் நடத்திவிட்டு நிறுத்தினோம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்களுக்குக் கல்லாவில் நின்றபடி அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இப்போது வேறு வடிவத்தில் மறுபடி தொடங்குகிறோம், அதனால் முழு விவரத்தையும் எழுதிவிடுகிறோம்.

கதை ஆட்டம் தெரியாத புது வாடிக்கையாளர்களுக்கு முதலில் இரண்டு வரி. நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். இடம் எப்படி இருக்கிறது, எதிரே யார் நிற்கிறார்கள் என்று சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்", "நான் விளக்கை அணைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். அவ்வளவுதான்.

இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கியது, 1974-இல் வெளிவந்தது. அடி வாங்கினால் குறைகிற உயிர்ப்புள்ளி, எதிரியை வீழ்த்தினால் சேர்கிற அனுபவப் புள்ளி, அது நிறைந்தால் ஏறுகிற லெவல் எல்லாம் அன்று பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்து ஆடியவை. அங்கிருந்துதான் அவை கணினிக்குப் போயின. ஜப்பானில் 1986-இல் டிராகன் குவெஸ்ட், 1987-இல் ஃபைனல் ஃபேண்டஸி என்று டிவி பெட்டிக்குள்ளும் வந்து சேர்ந்தன. ஆகவே டிவி கேமை மேசைக்குக் கொண்டுவருவது, பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது போலத்தான். அதனால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தோம்.

முதல் வாரம் செய்தது இது. பள்ளம் தாண்டி, ஆமையை மிதித்து, கோட்டைக்குப் போகிற மரியோ ஆட்டம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை அப்படியே மேசைக்கு மாற்றினோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் 20 முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். மூன்று லைஃப். மொத்தம் எட்டுப் பள்ளம். மூன்றாவது பள்ளத்திலேயே இரண்டு பேருக்கு லைஃப் தீர்ந்துவிட்டது. அவர்கள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் உற்சாகமாகச் சொல்லிப் பார்த்தோம், பின்னணி இசையைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் எடுபடவில்லை.

அன்று கடையைச் சாத்திய பிறகு வெகுநேரம் பேசினோம். டிவி முன்னால் உட்கார்ந்தவன் அதே பள்ளத்தில் இருபது முறை விழுந்திருப்பான். இருபத்தோராவது முறை கட்டை விரல் தானாகவே சரியான நேரத்தில் அழுத்தும். விரல் பழகும். பகடை பழகாது. இருபதாவது உருட்டலும் முதல் உருட்டல் மாதிரியேதான். அப்புறம் இன்னொன்று: டிவியில் செத்தால் மூன்று நொடியில் மறுபடி எழுந்துவிடலாம். மேசையில் செத்தால் மீதி மாலை முழுக்கச் சும்மா உட்கார வேண்டும். எண்களையும் படத்தையும் கொண்டுவந்தோம், ஆட்டத்தைக் கொண்டுவரவில்லை.

சரி, எதைக் கொண்டுவருவது? இதற்காகக் கடையில் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக் கூடத்தை நினைவுபடுத்திச் சொன்னோம். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது, ஜப்பானில் 1983-இல் வந்த ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியின் நகல். கேசட்டில் 9999 இன் 1 என்று ஸ்டிக்கர் இருக்கும். உள்ளே பத்திருபது ஆட்டம்தான். மீதியெல்லாம் அதே ஆட்டம், வேறு லெவலில் தொடங்கும். கேசட்டை ஊதிப் போடுவோம். ஒரு ரிமோட்டுக்கு நாலு பேர் காத்திருப்போம். செத்தால் கைமாற்ற வேண்டும். ரிமோட் இல்லாதவர்கள் "குதி, குதி, இப்போ குதி" என்று கத்துவார்கள். எட்டு மணிக்கு அம்மா சீரியல் பார்க்க வந்தால் எந்தக் கோட்டையாக இருந்தாலும் அத்தோடு முடிந்தது. நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் நினைவில் இருந்த டிவி கேம் இதுதான். திரைக்குள் நடந்ததில் பாதி, திரைக்கு வெளியே நடந்ததில் பாதி. புது ஆட்டங்களை அந்த இரண்டாவது பாதியிலிருந்து செய்திருக்கிறோம்.

முதல் ஆட்டத்துக்கு 'மில் சங்கு' என்று பெயர் வைத்திருக்கிறோம். மூடிக் கிடக்கும் ஒரு பஞ்சாலைக்குள் தோழி சிக்கிக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் சங்கு ஊதும். ஊதினால் வாசல் பூட்டிக்கொள்ளும். அதற்குள் அவளை வெளியே கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரியும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, 1989. ஜோர்டன் மெக்னர் ஏறக்குறைய தனியாளாக ஆப்பிள் 2 கணினிக்காக எழுதியது. தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து இளவரசனின் ஒவ்வோர் அசைவையும் வரைந்தார். அந்த ஆட்டத்தில் அரண்மனையில் இருக்கும் இளவரசியை மீட்க 60 நிமிடம்தான். எத்தனை முறை செத்தாலும் அந்த லெவலின் தொடக்கத்திலிருந்து எழுந்துகொள்ளலாம், ஆனால் போன நேரம் திரும்பாது.

எங்களுக்கு வழி காட்டியது அந்த விதிதான். மேசை நடுவில் சமையலறை டைமர் ஒன்று வைப்போம், 60 நிமிடத்துக்கு. நீங்கள் கூடி யோசிக்கிற நேரமும் அதில் ஓடும். விழுந்தால் சாவு கிடையாது, டைமரில் 3 நிமிடம் குறையும். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பாத்திரம், ஒரே ஒரு தாள். விழுந்தவர் அந்தத் தாளை வலப்பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். தாள் இல்லாதவர்கள் கத்தலாம். அவர்கள் சொன்னபடி செய்தால் இரண்டு பகடை உருட்டி, நல்லதை எடுத்துக்கொள்ளலாம். பலகை உடைந்த இடம், தானாக இறங்குகிற கதவு எல்லாவற்றையும் வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போவீர்கள். ஒருவர் விழுந்த இடத்தில் அடுத்தவர் விழ மாட்டார். விரலுக்குப் பதில் வரைபடம் பழகுகிறது.

சோதனையாக ஆடியபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரின்ஸ் ஆட்டத்தில் ஒரு கண்ணாடி வரும். அதை உடைத்துக்கொண்டு குதித்தால் மறுபக்கம் இளவரசனின் நிழல் தனியாகப் பிரிந்து ஓடும். நினைவகத்தில் புதுப் பாத்திரத்துக்கு இடம் இல்லாததால், இளவரசனின் படங்களையே மாற்றிக் காட்டி உண்டாக்கிய எதிரி அது. கடைசியில் அந்த நிழலே வாளோடு எதிரே நிற்கும். அதை வெட்டினால் நமக்குத்தான் காயம். எங்கள் பஞ்சாலையிலும் மேலாளர் அறையில் ஓர் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அன்று ஒரு அப்பாவும் அவருடைய பத்து வயது மகளும், அண்ணன் தம்பி இருவரும் ஆடினார்கள். நிழல் எதிரே வந்தபோது டைமரில் 11 நிமிடம் இருந்தது. அண்ணன் இரும்புக் கம்பியால் அடித்தார், 3 நிமிடம் போனது. தம்பி அடித்தார், இன்னும் 3. தாள் அந்தச் சின்னப் பெண்ணிடம் வந்தது. அவள் அப்பாவுக்குப் பதில் தெரியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "நான் செய்யறதையேதான அவனும் செய்யறான்? நான் கம்பியைக் கீழ வைக்கிறேன்" என்றாள். அவனும் வைக்கிறான் என்று நடத்துபவர் சொன்னார். "கிட்டப் போய் கையைப் பிடிச்சுக்கறேன்." டைமரில் 4 நிமிடம் இருந்தது. அந்த டீயை அப்பா கடைசி வரை குடிக்கவே இல்லை.

அவள் அந்த ஆட்டத்தைத் திரையில் பார்த்ததே கிடையாது. இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தலாம் என்று அன்றுதான் முடிவு செய்தோம்.

இரண்டாவது ஆட்டம் 'அருவி'. கான்ட்ரா என்ற டிவி கேமின் மூன்றாவது கட்டத்தில் அருவி ஏறுவோமே, அதுதான். ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் மேலே நகரும்; கீழே தங்கியவன் செத்துப்போவான். எத்தனை வீடுகளில் அண்ணன் தம்பி சண்டை வந்த இடம் அது! மேசையில் ஒரு நீளமான தாளை விரித்திருப்போம். முன்னால் போகிறவர் ஏற ஏற, தாளின் கீழ்ப்பகுதியை நடத்துபவர் மடித்துக்கொண்டே வருவார். மேலே ஒருவருக்கு நல்ல ஆயுதம் தெரியும், கீழே ஒருவருக்குக் காலடி மடிந்துகொண்டிருக்கும். இதில் பகடையைவிடப் பேச்சுதான் அதிகம்.

மூன்றாவது, சின்னப் பிள்ளைகளுக்கான டேங்க் ஆட்டம். நடுவில் இருக்கிற கழுகைச் சுற்றிப் புளியங்கொட்டைதான் செங்கல். 20 டேங்க் வரும். அவற்றிடமிருந்து கழுகைக் காக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகூட ஆடலாம்.

மூன்று ஆட்டத்துக்கும் பொதுவாக ஒரு சீட்டு உண்டு. "அந்தப் பைப்புக்குள்ள போனா நேரா நாலாவது உலகம்" என்று பக்கத்துத் தெருப் பையன் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். 1985-இல் வந்த மரியோவில் அது உண்மையாகவே இருந்தது. 1-2 லெவலில், அதாவது முதல் உலகத்தின் இரண்டாவது லெவலில், மேற்கூரைக்கு மேல் ஏறி ஓடினால் மூன்று பைப் வரும். அதே வாயால் அவன் சொன்ன மற்றது முக்கால்வாசி புரளி. ஆட்டம் தொடங்கும் முன் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் "என் ஃப்ரெண்டோட அண்ணன் சொன்னான்" என்று தொடங்கி ஒரு ரகசியம் எழுத வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் அதைப் படித்துவிட்டு ஆறு முகப் பகடையை உருட்டலாம். 5, 6 விழுந்தால் அது உண்மை. மற்றபடி புரளி, அதனால் வந்த வம்பையும் நீங்களே சமாளிக்க வேண்டும்.

மரியோ படம் போட்ட அட்டை, பொம்மை ஏன் இல்லை என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். அந்தப் பெயரும் உருவமும் அவற்றை உருவாக்கிய நிறுவனத்துக்குச் சொந்தம். வீட்டில் நாலு பேர் கூடி ஆடும்போது உங்கள் பாத்திரத்துக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கடை அதை அச்சடித்து விற்பது வேறு விஷயம். ஆட்டத்தின் யோசனை, நேரம் ஓடுகிற விதி, தாள் கைமாறுகிற முறை போன்றவற்றைப் பதிப்புரிமை பூட்டி வைப்பதில்லை. அதனால்தான் அரண்மனைக்குப் பதில் பஞ்சாலை எழுதினோம். அது எங்களுக்கு இன்னும் நெருக்கமாகவும் ஆகிவிட்டது. பகடை விதிகளை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டோம். 2023 ஜனவரியில் அதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம். எங்கள் தாளின் பின்பக்கம் அந்தக் குறிப்பைப் பார்க்கலாம்.

இனி நடைமுறை. சனிக்கிழமை மாலை 5 மணி, 7 மணி என்று இரண்டு அமர்வு. ஒரு மேசைக்கு நாலு பேர், மூன்று மேசை. தலைக்கு 150 ரூபாய், டீயும் பஜ்ஜியும் சேர்த்து. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு வந்தால் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. நிறுத்திய மாதத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது அடுத்த அமர்வில் கழித்துக்கொள்ளலாம். ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் நோட்டில் பெயர் இருக்கிறது. வீட்டிலேயே ஆட நினைப்பவர்களுக்கு 'மில் சங்கு' தாள்களும் வரைபடமும் மட்டும் தனியாக 80 ரூபாய்க்குக் கிடைக்கும். பகடையும் டைமரும் உங்களிடமே இருக்கும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் ரிமோட் எப்படிக் கைமாறியது? செத்தால் மாற்றுவதா, லெவலுக்கு ஒருவரா, பெரியவன் சொன்னதே சட்டமா? ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் கொடுங்கள். அடுத்த ஆட்டத்தை அதிலிருந்துதான் எழுதப்போகிறோம். பரணில் பழைய கேசட் கிடந்தால் அதையும் கொண்டு வாருங்கள். ஓட வேண்டும் என்று இல்லை, ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து