பாமரின் பிற்காலச் செப்புத் தகடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆங்கில ஓவியர் சாமுவேல் பாமர் (1805–1881) பற்றிய கட்டுரை, அவர் இளமையில் வாழ்ந்த கென்ட் மாவட்டத்து ஷோரம் கிராமத்தோடு நின்றுவிட்டது. 1835க்குப் பிந்தைய நாற்பத்தாறு ஆண்டுகளை 'இறங்குமுகம்' என்ற ஒரே சொல்லில் கட்டுரையாளர் தள்ளிவிட்டார். நீர்வண்ணங்களைப் பற்றி மட்டும் பேசினால் இதில் பாதி நியாயம் உண்டு. எட்சிங்கை, அதாவது செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து அச்சிடும் முறையை, சேர்த்துக்கொண்டால் இந்தக் கணக்கு நிற்காது. போதாக்குறைக்கு, 'தனிமைக் கோபுரம்' படத்தின் கீழே 'பேனா ஓவியம்' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அது 1879இல் செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்ட எட்சிங்.

பாமர் 1850இல் லண்டன் எட்சிங் கிளப்பில் சேர்ந்தார். அதற்காகச் செய்த முதல் தகடுதான் 'வில்லோ மரம்'. அதன்பின் முப்பது ஆண்டுகளில் அவர் முடித்தவை மொத்தம் பதின்மூன்றே. 'அதிகாலை உழவன்' தகட்டை 1861க்கு முன்பே தொடங்கிவிட்டார். அது, எட்சிங் பற்றி ஹாமர்டன் எழுதிய புத்தகத்தில் வெளிவந்தது 1868இல். இதைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. காரணம் அவர் கையாண்ட முறையில் இருக்கிறது.

தேன்மெழுகு, நிலக்கீல், பிசின் கலந்த பூச்சைச் சூடான தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, புகையில் கருப்பாக்கி, ஊசியால் கீறுவார்கள். கீறிய இடத்தில் மட்டும் செம்பு தெரியும். நைட்ரிக் அமிலம் அங்கேதான் அரிக்கும். வெளிறிய வானக் கோடுகள் போதுமான அளவு அரிபட்டதும் தகட்டை எடுத்துக் கழுவி, அந்தக் கோடுகளை வார்னிஷால் அடைத்துவிட்டு, மற்றவற்றை மீண்டும் அமிலத்தில் இறக்க வேண்டும். மிக அடர்ந்த நிழலுக்குக் கடைசி முறை. பாமர் இப்படிப் பலமுறை அடைத்து, பலமுறை அரித்தவர்.

நைட்ரிக் அமிலம் கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் தின்னும். பாமரைப் போல நெருக்கமாகக் கோடு போட்டால், இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கும் பூச்சு பிடி விட்டுக் கழன்றுவிடும். அங்கே செம்பு அகலமான பள்ளமாகிவிடும். பள்ளத்தின் விளிம்பில்தான் மை தங்கும், நடுவில் தங்காது. அச்சில் கருப்பு வர வேண்டிய இடம் சாம்பல் திட்டாக வரும். கோட்டின் மேல் உட்காரும் குமிழிகளையும் இறகால் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கோடு சீராக அரிபடாது. கெட்டுப்போன இடத்தைச் சுரண்டி, மெருகிட்டு, தகட்டைப் பின்னாலிருந்து தட்டிச் சமப்படுத்தி, மறுபடி பூச்சிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இத்தனை பாடும் வெளிச்சத்துக்காக. 'தனிமைக் கோபுர'த்தின் பிறையும் நட்சத்திரங்களும் வெள்ளை மை அல்ல, கீறாமல் விட்ட செம்பு. அச்சில் வெறும் தாள். இருண்ட மலைச்சரிவுக்குள்ளும் கோடுகளுக்கு இடையே பொட்டுப் பொட்டாகத் தாள் எட்டிப்பார்க்கிறது. உங்கள் இதழில் படத்தைச் சுருக்கி, புள்ளித்திரை போட்டு (படத்தை நுண்புள்ளிகளாக மாற்றி) அச்சிட்டதில் அந்தப் பொட்டுகள் எல்லாம் அடைபட்டுப்போயின.

அந்தப் படத்தின் கரு ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'இல் பென்செரோசோ' கவிதை. மூத்த மகன் 1861இல் இறந்தபின் பாமர் சர்ரே மாவட்டத்து ரெட்ஹில்லில் குடியேறினார். அங்கிருந்து தெரியும் லீத் ஹில் கோபுரத்தின் சாயல் படத்தில் இருப்பதாகச் சொல்வார்கள்.

கடைசியாக எடுத்த வேலை, பண்டைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஆயர் பாடல்களுக்கான படங்கள். இளவயதில் பாமரை ஆட்கொண்டவை அதே வர்ஜிலுக்குக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் செய்த சின்ன மரச்செதுக்கு ஓவியங்கள் என்பதால், இது தற்செயல் இல்லை. ஒரு தகட்டோடு அவர் காலம் முடிந்தது. மேலும் நான்கை இளைய மகன் ஆல்ஃபிரட் முடித்து 1883இல் நூலாக்கினார். அதே மகன்தான் 1909இல் தந்தையின் குறிப்பேடுகளையும் ஓவியங்களையும் குவித்து எரித்தவர். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1883 நூலில் எட்சிங்கோடு, புகைப்பட முறையில் செய்த படங்களும் கலந்திருக்கின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் எட்சிங் கோடு விளிம்பு தெளிந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மை சற்றே மேடாகத் தெரியும். மற்றவற்றில் தூள் தூளான மணிப்பதம் தெரியும். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் இரண்டிலுமே இருக்கலாம் என்பதால், அதை மட்டும் நம்பிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்து பாமரின் எட்சிங் எதையாவது போட்டால் அசல் அளவிலேயே போடுங்கள். 'வில்லோ மரம்' சுமார் 9 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலம்தான்; உங்கள் பக்கத்தில் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்