பொறிவண்டை விலைக்கு வாங்கலாமா? நண்பருக்கு ஒரு கடிதம்

கோபிசெட்டிபாளையம்,
தை மாதம்.

அன்புள்ள சுந்தரம்,

இங்கு எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாடித் தோட்டத்தில் சென்ற ஆண்டு அவரைக் கொடியில் எங்கு பார்த்தாலும் இருந்த பொறிவண்டுகள் இந்த ஆண்டு கண்ணில் படவே இல்லை என்றும், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மட்டும் குருத்திலும் பூங்கொத்திலும் அப்பிக் கிடக்கிறது என்றும், இணையத்தில் பொறிவண்டு விற்கிறார்களாமே, வாங்கி விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் காரணங்களைச் சொல்லாமல் விட்டால் நீ ஏற்கமாட்டாய் என்பது கல்லூரி நாட்களிலிருந்தே எனக்குத் தெரியும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொறிவண்டின் எண்ணிக்கையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அது தின்னும் பூச்சியின் எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அசுவினி ஆணோடு சேராமலேயே உயிருள்ள குஞ்சுகளை ஈனும். அந்தக் குஞ்சு ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானும் ஈனத் தொடங்கிவிடும். பொறிவண்டோ முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக இருந்து வண்டாக மாறுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே அசுவினி பெருகிய முதல் சில நாட்களில் வண்டு இல்லாதது போலத் தோன்றுவது இயல்பே. பருவத்தையும் கணக்கில் கொள். மார்கழி, தை மாதக் குளிரில் அவரையிலும் தட்டைப்பயறிலும் அசுவினி கூடும்; வண்டும் கூடும். பங்குனி வெயில் ஏறினால் இரண்டும் இறங்கிவிடும். தையில் பார்த்ததைச் சித்திரையில் பார்த்ததோடு ஒப்பிட்டு "பொறிவண்டு அழிந்துவிட்டது" என்று வருந்துபவர்கள் இங்கும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, வண்டு உண்மையிலேயே இல்லையா என்று பார்த்தாயா? இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார். மஞ்சள் நிறத்தில், நீள்வட்டமாக, நெட்டுக்குத்தாக நிற்கும் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். அவற்றிலிருந்து வரும் புழு வண்டைப் போல அழகாக இருக்காது. கருத்த நீண்ட உடல், அதில் ஆரஞ்சு அல்லது வெளிர்மஞ்சள் புள்ளிகள், முதுகெல்லாம் சிறு முள், பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால்கள். அது வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். நம் வீட்டுத் தோட்டங்களில் "ஏதோ கருப்புப் புழு செடியைத் தின்கிறது" என்று நசுக்கப்படுவதும் இதுதான். நேற்று எங்கள் அவரைப் பந்தலில் ஒரு புழு அசுவினி ஒன்றைக் கவ்விப் பிடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைக் கீழே போட்டதைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்பு ஒன்று வந்து முட்டியதும் புழு பின்வாங்கி அடுத்த காம்புக்கு நகர்ந்துவிட்டது. எறும்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அங்கேயே வேறு சிலவும் இருக்கலாம். நூலிழை போன்ற காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக நிற்கும் வெள்ளை முட்டைகள் தெரிந்தால், அவை பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையவை. அதன் புழுவும் அசுவினியைத் தின்னும். அசுவினிக் கூட்டத்தின் நடுவே சில மட்டும் உப்பி, பழுப்பு நிறமாகி, அசையாமல் ஒட்டியிருந்தால் அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்கிறது என்று பொருள். முதுகில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் குளவி வெளியேறிவிட்டது. மனிதர்களைக் கொட்டும் குளவியை நினைத்துக்கொள்ளாதே. இது கொசுவைவிடச் சிறியது, யாரையும் கொட்டாது. பொறிவண்டுக்குக் கிடைக்கும் பெயர் இதற்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் சற்று வருத்தமாக இருக்கும். சிவப்பு முதுகும் கரும்புள்ளியும் இல்லாத குற்றம்தான்.

இந்தக் குளவிகள் என்ன செய்ய முடியும் என்பதை எங்கள் வட்டாரம் நேரிலேயே பார்த்தது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, பருத்தி என்று பரவி, சாலையோரப் பார்த்தீனியம் வரை ஏறிவிட்டது. சத்தியமங்கலம் பக்கத்தில் மல்பெரி வைத்திருந்த என் மைத்துனர் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாகப் படாது. வலுவான மருந்தாக அடித்தாலோ அந்த இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாது. இந்த இக்கட்டில்தான் 2010-இல், பெங்களூரில் இருந்த தேசியப் பூச்சி ஆதார நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. மூன்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக நிலைத்துவிட்டது. அடுத்தடுத்த மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கி, மல்பெரித் தோட்டங்கள் மீண்டும் தளிர்த்தன. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டுச் சேலம், நாமக்கல் பக்கம் வந்தபோதும் இதே வழிதான்; ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வரவழைத்து 2022-இல் விட்டார்கள்.

குளவி வருவதற்கு முன்பும் பப்பாளி மாவுப்பூச்சியைத் தின்பவை இங்கே இருந்தன. அவற்றில் ஒன்று ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. ஸ்பால்ஜிஸ் என்று பெயர். மாவுப்பூச்சியின் மெழுகையே தன் முதுகில் போர்த்திக்கொண்டு அதற்குள்ளேயே இருந்து மேயும். கூட்டுப்புழுவானதும் மேற்புறத்தில் குரங்கு முகம் ஒன்று அப்படியே தெரியும். முதன்முதலில் பார்ப்பவர்கள் யாரோ செதுக்கி ஒட்டியதாக நினைப்பார்கள். இதுவும் பொறிவண்டும் சேர்ந்து நிறையவே தின்றன. ஆனாலும் பூச்சி அடங்கவில்லை. காரணம், பொறிவண்டு இரை மிகுந்த இடத்துக்கு வரும். இரை மெலிந்ததும் வேறிடம் தேடிப் பறந்துவிடும். குளவியோ மீந்திருக்கும் ஒன்றிரண்டையும் தேடிப்போய் அவற்றில் முட்டையிடும். அதனால் ஒரு தோட்டத்தில் பொறிவண்டு குறைவாக இருப்பது சில சமயம் நல்ல செய்தியாகவும் இருக்கலாம். வேறு யாரோ வேலையை முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். உன் மாடியில் அசுவினி அப்பிக் கிடப்பதால் அப்படிச் சொல்ல வழியில்லை.

உன் மாடியில் நடந்தது வேறு என்று நினைக்கிறேன். கார்த்திகையில் செம்பருத்திக்கு இமிடாகுளோபிரிட் ஊற்றியதாக முந்தைய கடிதத்தில் எழுதியிருந்தாய். அது வேர் வழியாகச் செடி முழுவதும் ஏறி, சாற்றிலும் பூந்தேனிலும் கலக்கும் மருந்து. அந்தச் சாற்றைக் குடித்த பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சாகும். அந்தப் பூவில் தேன் குடிக்க வரும் குளவியும் சாகும். அக்கம்பக்கத்துச் செடிகளிலிருந்து அசுவினி சில நாட்களில் திரும்பிவிடும், அதைத் தின்பவை மெதுவாகத்தான் திரும்பும். மருந்தடித்த தோட்டத்தில் பூச்சி முன்னைவிடக் கூடுவது இதனால்தான். மருந்துக் கடைக்காரர் அடுத்த புட்டியை எடுத்து நீட்டுவதற்கும் இது வசதியாகிவிடுகிறது.

இனி விலைக்கு வாங்கும் கதை. நம் நாட்டில் பெரும்பாலும் விற்பது கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டு. கருத்த முதுகு, ஆரஞ்சுத் தலை, 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. திராட்சைத் தோட்டத்திலும் காபித் தோட்டத்திலும் மாவுப்பூச்சிக்கு அது அருமையான வண்டு. ஆனால் அதற்கு முதன்மையான இரை மாவுப்பூச்சிதான். உன் அவரை அசுவினிக்காக அதை வாங்கினால் பணம்தான் வீண். அசுவினி தின்னும் வண்டே கிடைத்தாலும் திறந்த மாடியில் விட்டால் மறுநாள் எங்கே இருக்கும் என்று யார் சொல்வது?

வெளியிலிருந்து கொண்டுவந்த வண்டு பெரும் நன்மை செய்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1888-இல் கலிபோர்னியாவுக்குப் போன ரொடோலியா என்ற சிறு வண்டு அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில் பூச்சியிடமிருந்து காப்பாற்றியது. 1920-களின் இறுதியில் அதே பூச்சிக்காக நம் நீலகிரிக்கும் அது வந்தது. தீமை செய்ததும் உண்டு. அசுவினியை ஒழிக்க ஐரோப்பாவில் விடப்பட்ட ஹார்லிகுயின் என்ற ஆசியப் பொறிவண்டு 2004 வாக்கில் இங்கிலாந்தில் கால் வைத்தது. அது மற்றப் பொறிவண்டுகளின் முட்டைகளையும் புழுக்களையும் சேர்த்தே தின்னும். ஐந்தே ஆண்டுகளில் அங்கே இரண்டு புள்ளிப் பொறிவண்டு 44 சதவீதம் குறைந்தது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் தங்கள் தோட்டத்தில் பார்த்ததைப் பதிவு செய்து அனுப்பியதால்தான் அந்தக் கணக்கே கிடைத்தது. நீயும் நானும் குறைந்துவிட்டது, கூடிவிட்டது என்று பேசுவது வெறும் நினைவை வைத்துத்தான். இந்தத் தையிலிருந்தாவது நீ ஒரு நோட்டில் குறித்துவரலாம்.

இப்போதைக்கு இவற்றைச் செய். வேர் மருந்தை நிறுத்து. அசுவினி மிகுந்த குருத்துகளில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடி. ஆனால் ஓரத்தில் இருக்கும் ஒரு கொடியை மட்டும் தொடாதே. அதில் அசுவினி இருந்தால்தான் வண்டு வந்து முட்டையிடும். பொறிவண்டு வேண்டும், அசுவினி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நடக்காத காரியம். எங்கள் பக்கத்தில் பருத்திக்கு ஓரமாகத் தட்டைப்பயறு விதைப்பதும் இதற்காகத்தான். வேப்ப எண்ணெயும் சோப்புக் கரைசலும்கூட மெல்லிய தோலுள்ள பொறிவண்டுப் புழுவை விட்டுவைக்காது. தேவையானால் புழு இல்லாத இடத்தில் மட்டும் மாலையில் தெளி. எறும்பைக் கட்டாயம் தடுத்தாக வேண்டும். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அது காவல் காத்து, வண்டையும் குளவியையும் விரட்டும். பந்தல் கால்களிலும் தொட்டியின் அடியிலும் கிரீஸ் தடவிவிடு. கொத்தமல்லியில் பாதியைப் பறிக்காமல் பூக்க விடு. குளவியும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் அந்தச் சிறு பூக்களைத் தேடி வரும்.

கத்தரியில் மட்டும் கவனம் தேவை. அங்கே வரும் இருபத்தெட்டுப் புள்ளி வண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான் என்றாலும் இலையைச் சுரண்டித் தின்பது. மினுமினுப்பு இல்லாமல் மங்கிய செம்பழுப்பாக, மேலே மெல்லிய மயிரோடு இருக்கும். புழு மஞ்சளாக, கிளைத்த முட்களோடு இருக்கும். இலை பச்சையம் போய்ச் சல்லடையாகியிருந்தால் அதைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடு, பாவம் பார்க்காதே. உன் கத்தரியில் ஏதோ வண்டு இருப்பதாக எழுதியிருந்தாயே, அது இதுவா, நல்ல வண்டா என்று புரியவில்லை. முதுகு மின்னுகிறதா என்று பார்த்து, ஒரு படமும் எடுத்து அனுப்பு. மாசி இறுதியில் நாங்கள் தாம்பரம் வருவதாக இருக்கிறோம். அவரையில் விட்டுவைக்கச் சொன்ன கொடியை அதுவரை பிடுங்காமல் வைத்திரு.

அன்புடன்,
பழனிச்சாமி