சிறுநீர் சொல்வது பழைய கதை

ஆசிரியருக்கு,

கலிபோர்னியாவின் கஞ்சாச் சோதனைச் சட்டம் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரை, இனி அரசு ஊழியர்கள் போதையோடு வேலைக்கு வரலாம் என்கிற தொனியில் இருந்தது. இங்கே கலிபோர்னியாவில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டப்படி, வேலையிடத்தில் கஞ்சா வைத்திருக்கவோ மயக்கத்தோடு வேலை பார்க்கவோ யாருக்கும் உரிமை கிடையாது. உடம்பில் மிஞ்சியிருக்கும், போதை தராத கழிவுப்பொருளை மட்டும் காட்டும் சோதனையை வைத்து ஒருவரின் வேலையைப் பறிக்காதே என்கிறது, அவ்வளவுதான்.

சாராயம் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி அப்படியில்லை. கொழுப்பில் தங்கிவிடுவதால், அடிக்கடி உபயோகிப்பவரின் சிறுநீரில் அதன் கழிவு வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை ராத்திரி தூக்கத்துக்காகக் கஞ்சா மிட்டாய் ஒன்று சாப்பிட்டவர் புதன்கிழமை மாட்டலாம். எப்போதாவது உபயோகிப்பவர் சற்றுமுன் புகைத்துவிட்டு வந்திருந்தால், கழிவு இன்னும் சிறுநீரில் வந்து சேராததால் தப்பித்தும் விடலாம்!

அரசுப் பணி என்றால் கூடுதல் கண்டிப்பு வேண்டாமா என்று கேட்கிறார் கட்டுரையாளர். அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அரசே முதலாளி என்பதால், காரணமில்லாத சோதனைக்கு எதிரான அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் அதன் கையைக் கட்டுகிறது. ஒரிகன் மாநிலத்தின் உட்பர்ன் நகர நூலகத்தில், புத்தகங்களை அலமாரியில் அடுக்கும் பகுதிநேர வேலைக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். போதைச் சோதனைக்கு அவர் மறுத்ததும் வேலை இல்லை என்றார்கள். அந்த வேலைக்கு இப்படிச் சோதிக்க நகராட்சி தக்க காரணம் காட்டவில்லை என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பேருந்து ஓட்டுநர் விஷயம் வேறு. அவர்களைத் திடீர்ச் சோதனை செய்யத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர்கள் மத்தியப் போக்குவரத்துத் துறையின் விதிக்குள் வருவதால் இந்த மாநிலச் சட்டம் அவர்களைக் காப்பாற்றாது. உமிழ்நீரில் டிஎச்சியையே பார்க்கும் சோதனைக்கு அத்துறை 2023இல் அனுமதி தந்தது. அதில் அண்மைய உபயோகம்தான் தெரியும். ஆனாலும் சிறுநீர்ச் சோதனையை அது கைவிடவில்லை. கட்டுரையாளர் கோபப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

– ஒரு வாசகி, சாக்ரமெண்டோ, கலிபோர்னியா