மரினின் முழங்கால்

ஆசிரியருக்கு,

இறகுப்பந்து வீராங்கனை கரோலினா மரின் பற்றிய தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை பதக்கங்களை வரிசையாகச் சொன்னது. முழங்காலை ஒரே வரியில் கடந்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அந்த ஸ்பெயின் வீராங்கனைக்கு 2019-இல் வலது முழங்காலிலும் 2021-இல் இடது முழங்காலிலும் தசைநார் கிழிந்தது. 2024 பாரிஸ் அரையிறுதியில் முதல் கேமை வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது மறுபடியும் வலது முழங்கால். எதிர்த்து ஆடிய சீனாவின் ஹே பிங்ஜியாவ், பதக்க மேடையில் மரினுக்காக ஸ்பெயின் சின்னத்தைக் கையில் பிடித்து நின்றார்.

வார இறுதியில் மட்டும் இறகுப்பந்து ஆடும் எனக்கும் முழங்கால் வலி வந்தது துள்ளி, பந்தை ஓங்கி ஸ்மாஷ் அடித்தபோது அல்ல, அடித்துவிட்டுக் காலை ஊன்றிய நொடியில்தான். அப்புறம் ஆறு மாதம் மாடிப்படி என்றாலே பயம். மட்டை பிடிக்கச் சொல்லித்தரும் முதல் வாரத்திலேயே, துள்ளியபின் சரியாகத் தரையிறங்கவும் பயிற்சியாளர்கள் கற்றுத்தர வேண்டும். சிறுவர்களுக்கான அந்தப் பயிற்சிகளைத் தாங்கள் படங்களுடன் வெளியிடலாமே.